இருவருக்கு எவ்வளவு அரிசி

பணி ஓய்வுக்குப் பிறகு தூங்கி எழும் நேரம் சீக்கிரம் மாறிவிடும். மளிகைச் சீட்டு மாறுவதற்குத்தான் நாளாகும். பிள்ளைகள் வேலைக்கும் கல்யாணத்துக்குமாக வெளியூர் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஆனாலும் மாதம் பிறந்ததும் எழுதும் சீட்டில் துவரம்பருப்பு இரண்டு கிலோ என்றே பேனா போகும். உளுந்து இரண்டு கிலோ. பெரியவனுக்குப் பிடித்த சேமியா. சின்னவள் விரும்பிச் சாப்பிடும் அப்பளத்தில் ஒரு கட்டு.

சம்பளம் வந்த காலத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. அரசு ஊழியராக இருந்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி ஓய்வூதியம் என்று ஆன பிறகு, சீட்டை வரி வரியாகப் பார்க்க வேண்டிய அவசியம் வருகிறது. நல்லவேளையாக, அதற்கு நேரமும் கிடைக்கிறது. அப்படிப் பார்ப்பதையே ஒரு தியானம் என்பேன். கண்ணை மூடி மனத்தைக் கவனி என்றால் அது எங்கெங்கோ ஓடிவிடும். மளிகைச் சீட்டில் அது ஒளிந்துகொள்ள இடமில்லை. எதற்குப் பயப்படுகிறோம், யாரை விட முடியவில்லை, எந்த ருசி நம்மை ஆள்கிறது, எல்லாம் கிலோ கணக்கில் எழுதிக் கிடக்கிறது.

ஊருக்குப் போன பிள்ளைக்காகப் பாசம் பருப்பு வாங்குகிறது. அது டப்பாவில் வண்டு விழும்வரை உட்கார்ந்திருக்கிறது. பற்றை விடு என்று பெரியவர்கள் சொன்னபோது காட்டையும் காவியையும் நினைத்துக்கொண்டோம். இரண்டு கிலோவை முக்கால் கிலோவாகத் திருத்தி எழுதும்போது நெஞ்சில் ஒரு சின்ன இழுப்பு வருகிறதே, அதுவும் பற்றுதான். பிள்ளைகள் போய்விட்டார்கள் என்பதை வாய் எப்போதோ சொல்லிவிட்டது. கை இப்போதுதான் சொல்கிறது.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இன்று எண்பதைத் தொட்டவர்கள் 1960-களின் அரிசித் தட்டுப்பாட்டைப் பார்த்தவர்கள். படி அரிசிக்கு அலைந்த வீட்டில் வளர்ந்தவர், டப்பாக்கள் நிறைந்திருந்தால்தான் இரவு தூக்கம் வரும் என்றால், அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கணவருக்கு ஓய்வு கிடைத்த அன்று மனைவிக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் தணிக்கை செய்தே பழகிய சிலர், ஓய்வு பெற்ற மறுமாதம் நோட்டும் கையுமாகச் சமையலறைக்குள் நுழைவார்கள். “எண்ணெய் ஏன் இவ்வளவு செலவாகுது?” என்பார்கள். “இத்தனை வருஷம் எண்ணெய் எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்களா?” என்று பதில் வரும். அதோடு தணிக்கை முடிந்தது. ஒரு படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு. அந்த ஆழாக்கை வைத்துக்கொண்டு முப்பது நாற்பது வருடம் ஒரு குடும்பத்தின் பசியை அளந்தவள் அவள். வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பெரியபுராணத்தில் இளையான்குடி மாற நாயனார் கதையைப் படிக்கும்போதெல்லாம் நான் அங்கேதான் நின்றுவிடுவேன். செல்வம் கரைந்து, கடன் வாங்கவும் ஆளில்லாத நிலை. மழை கொட்டும் இரவில் ஓர் அடியார் பசியோடு வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாம் என்ற வழியைச் சொல்வது நாயனார் அல்ல, அவர் மனைவி. இருட்டில் நனைந்துபோய் அதை அள்ளி வருகிறார் நாயனார். எரிக்க விறகில்லாமல் கூரைக் கட்டையை அறுத்துப் போடுகிறார்கள். முளைநெல்லை வறுத்து, குத்தி, அரிசியாக்கி உலை வைக்கிறாள். அந்தத் துணிவு நமக்கு வருமா என்றால், எனக்கு வராது. நாளைய விளைச்சலை இன்றைய விருந்துக்குக் கொடுப்பது நாயன்மார்களின் கணக்கு. ஆனால் இருப்பு தீர்ந்துவிட்டது என்பதை அவர்கள் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணமாக வைத்துக்கொள்ளவில்லை. நிறைந்த டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து விலைவாசி பேசும் எனக்கு அது உறைக்கிறது.

விலைவாசி பொய்யில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அந்த நாட்களில் புளி கூடியது, தக்காளி குறைந்தது, ரசம் ரசமாகவே இருந்தது. நகரத்துக் குடும்பச் செலவில் நூற்றுக்கு 39 ரூபாய் உணவுக்குப் போகிறது என்றது 2022-23 தேசிய நுகர்வுச் செலவு ஆய்வு. வயதானவர் வீட்டில் அதில் ஒரு பங்கு மெல்ல மருந்துக் கடைக்கு நகர்ந்துகொண்டிருக்கும். சர்க்கரை குறையும், உப்பு குறையும், எண்ணெய் குறையும், மாத்திரை அட்டை கூடும். திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தைத் திறந்தால் மூலிகைப் பெயர் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேச்சு: முன்பு உண்டது செரித்ததா, பசி வந்ததா, எவ்வளவு போதும். இளமையில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய அந்த அதிகாரம், ராத்திரி இரண்டு இட்லிக்கு மேல் இறங்காத வயதில்தான் உடம்பில் புரிகிறது.

அளவோடு உண்பதை விரதம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சம் உண்டு. தனியாரிடம் உழைத்து ஓய்ந்தவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி வழியாகக் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-இல் நிர்ணயித்தார்கள். அந்த ஆயிரத்தில் மாதத்தை ஓட்டும் முதியவரிடம் போய் ஆசையை அடக்குங்கள் என்று சொல்வது பாவம். ரேஷன் கடையில் 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கும் அரிசிதான் அவர் வீட்டில் உலை கொதிப்பதற்கு ஆதாரம். அளவு என்பது சாதனை ஆக வேண்டுமானால், முதலில் அளப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

இருப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து. சீட்டைச் சுருக்கத் தொடங்கினால் மனமும் சேர்ந்து சுருங்கிவிடுகிறது. இரண்டு ரூபாய்க்காக மூன்று கடை ஏறி இறங்குவது, கீரைக்காரம்மாவிடம் கட்டுக்குக் கட்டு பேரம் பேசுவது, வந்தவருக்குக் காபி கொடுப்பதற்கு முன் பாலை நினைப்பது. எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதே என்று ஒன்று இருந்தால்தான் மற்றதைக் குறைப்பதில் அமைதி இருக்கும்.

நம் வீடுகளில் அதற்குப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. உலையில் போடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். காஞ்சி மகா பெரியவர் இதைப் பிடி அரிசித் திட்டம் என்று ஊர் ஊராக வலியுறுத்தினார்; சேர்ந்த அரிசி கோயில் நைவேத்தியமாகி ஏழைகளுக்குப் போனது. வடலூர் தருமச்சாலையில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது என்றால், எங்கெங்கோ இருக்கும் வீடுகளிலிருந்து அரிசியும் பருப்பும் காய்கறியும் வந்துகொண்டே இருப்பதால்தான். அனுப்புகிறவர்களில் பலர் அந்தச் சாலையைப் பார்த்துக்கூட இருக்கமாட்டார்கள்.

பிடி அரிசி நாற்பது ஐம்பது கிராம் இருக்கும். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்குள்தான். மாதக் கடைசியில் மிஞ்சினால் பார்ப்போம் என்று விட்டால் அது மிஞ்சவே மிஞ்சாது. அப்படியே மிஞ்சினாலும் வண்டு விழுந்த அரிசியாகத்தான் இருக்கும், அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. சீட்டு எழுதும்போதே, பொன்னி 10 கிலோ என்று எழுதும் இடத்தில் 12 என்று எழுதிவிடலாம். இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு என்று கடைக்காரர் கேட்கமாட்டார்.