விளக்கொளியில் ஒரு பறவை

ஆந்திர மாநிலம் கடப்பை மாவட்டத்தில் லங்கமலை என்றொரு வறண்ட மலைத்தொடர் உண்டு. அதன் கல்லும் முள்ளுமான சரிவுகளில் வாழும் ஒரு பறவையைத் தெலுங்கு மக்கள் 'கலிவிகோடி' என்பர். பகலெல்லாம் புதரடியில் பதுங்கியிருந்து, இருட்டியபின் தரையில் நடந்து கறையான் முதலிய பூச்சிகளைத் தேடி உண்ணும். 1848ஆம் ஆண்டளவில் ஜெர்டான் என்னும் மருத்துவர் அதனை உலகுக்கு அறிவித்தார். 1900க்குப் பின் அறிஞர் எவர் கண்ணிலும் படாமையால், அவ்வினம் அற்றுப்போயிற்றென்றே கருதினர்.

1986 சனவரியில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அதனைத் தேடிவந்த காலத்தில், ரெட்டிப்பள்ளி அருகே வேட்டையில் பழகிய ஒருவர் கைவிளக்கின் ஒளியை அதன்மீது பாய்ச்சினார். திகைத்து நின்ற பறவையைக் கையாலேயே பிடித்தார். இனம் அழியவில்லை என்று அறிந்தோர் மகிழ்ந்தனர். பிடிபட்ட பறவையோ சில நாட்களில் இறந்தது.

இவ்விறப்பு இம்சையா? கொல்லும் எண்ணம் எவருக்கும் இல்லை. காக்கவே தேடினார்கள், 1988இல் அங்கே சரணாலயமும் அமைந்தது. எனினும் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கையில் பிரமாதத்தையே முன்வைக்கிறது. (இச்சொல்லை இன்று நாம் பாராட்டாக வழங்குவது வேடிக்கை, அங்கே அதற்கு விழிப்பின்மை என்று பொருள்.) பல உயிர்களுக்கு விளைந்த நன்மையைக் காட்டி, ஓருயிர் பட்ட துன்பத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிட இயலுமா? விளக்கில் விழும் பூச்சிக்காக இரவுணவையே விலக்கிய மரபினர் நாம். இயலும் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

பிறர்மேல் குற்றமாக இதைச் சொல்லவில்லை. ஆசிரியப் பயிற்சியில் கற்றபடி, நானும் மாணவியரை வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து அட்டையில் ஊசியால் குத்திக் கொண்டுவரச் செய்தவள். அறிவு வளரட்டும் என்றுதான் செய்தேன். ஒரு சிறுமி மட்டும் பூச்சியில்லாத அட்டையுடன் வந்தாள். "பறக்கிறதைப் பார்த்து எழுதியிருக்கேன், டீச்சர்" என்றாள். ஐந்து மதிப்பெண் குறைத்தேன்.

பின்னாளில் ஜெகநாதன் முதலிய ஆய்வாளர்கள் லங்கமலைப் புதர்களிடையே நுண்மண்ணைப் பட்டையாகப் பரப்பி வைத்து, விடிந்தபின் அதில் பதிந்த மூவிரல் தடங்களைப் பார்த்தே அப்பறவை நடமாடும் இடங்களை அறிந்தனர். ஒன்றையும் தொடவில்லை. அச்செய்தியைப் படித்த அன்று அந்த அட்டை நினைவுக்கு வந்தது. எந்தச் செடியில் எத்தனை முறை அமர்ந்தது என்றெல்லாம் அதில் எழுதியிருந்தாள்.