கிட்டாரின் கழுத்தும் தகப்பனின் உரிமையும்



ஒரு பொருளைச் செய்தவனுக்கு அந்தப் பொருளின்மேல் எவ்வளவு காலம் உரிமை உண்டு? தச்சன் நாற்காலியைச் செய்து விற்றுவிட்டான் என்றால், அதில் யார் உட்காரவேண்டும் என்று கட்டளையிட அவனுக்கு உரிமை இல்லை. இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் ஒரு தகப்பன் தன் மகனுக்கு அறிவையும் கைத்திறனையும் பொறுமையையும் ஊட்டி வளர்த்திருக்கிறான். மகன் அவற்றைக்கொண்டு எந்த வழியில் போகவேண்டும் என்று கட்டளையிட அவனுக்கு உரிமை உண்டா? பரீட்சை முடிவுகள் வெளிவரும் மாதங்களில் இந்த வினா நம் வீடுகளில் சத்தமாகவே எழும்புகிறது. இதை வெறும் தத்துவமாகப் பேசினால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. ஆகையால் இங்கிலாந்து தேசத்தில் நடந்த ஒரு சங்கதியை வைத்துக்கொண்டு பேசுவோம்.

லண்டன் மாநகருக்கு மேற்கே பெல்தம் என்ற ஊரில் ஹரால்டு மே என்பவர் வாழ்ந்து வந்தார். விமானத்துறை அமைச்சகத்தில் வரைபடம் வரைபவர். வீட்டுக்கு வேண்டிய தொலைக்காட்சிப் பெட்டியைக்கூடத் தம் கையாலேயே செய்தவர். அவருடைய ஒரே மகன் பிரையனுக்கு 16 வயது. மின்சாரக் கிட்டார் ஒன்று வேண்டுமென்று பையனுக்கு ஆசை. கடையில் விற்ற நல்ல கிட்டார்களோ அந்தக் குடும்பத்தின் கைக்கு எட்டாதவை. 1963 ஆகஸ்டு மாதத்தில் தகப்பனும் மகனும் அதைத் தாங்களே செய்யத் துணிந்தார்கள். வேலை முடியச் சுமார் 2 ஆண்டுகள் பிடித்தது.

கிட்டாரில் செய்வதற்கு மிகவும் கடினமான உறுப்பு அதன் கழுத்து. தந்திகள் ஆறும் முறுக்கேறி நிற்கும்போது அவை கழுத்தை இழுக்கும் பாரம் ஏறக்குறைய 40 கிலோ. சாதாரண மரம் நாளடைவில் வில்லாக வளைந்துபோகும். அதைத் தடுக்க உள்ளே எஃகுக் கம்பி ஒன்றைப் பொருத்தவேண்டும். பிரையனுக்கு மரம் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? குடும்ப நண்பர் ஒருவர் வீசியெறிய இருந்த பழைய மகோகனிப் பலகை அது. குளிர்காயும் கணப்பின் மேற்புறத்தில் நூறு ஆண்டுகளாகக் கிடந்தது. ஆங்காங்கே பூச்சி அரித்த துளைகள் வேறு. அந்தத் துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தான் பையன். கையாலேயே செதுக்கி உருவாக்கினான். மேலே ஓக் மரப் பலகை ஒன்றைப் பதித்தான். விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் புள்ளிகளுக்குத் தாயாரின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களை எடுத்துத் தேய்த்து வைத்தான். (தாயாரின் பங்கு இவ்வளவுதானா என்று தாய்மார்கள் கேட்கலாம். 2 ஆண்டுகளாக வீடெல்லாம் மரத்தூள் பறந்ததைப் பொறுத்துக்கொண்டதும் ஒரு பங்குதான்.)

இனி மெட்டுகள். நம் வீணையில் 24 மெட்டுகள் உண்டு. பிரையன் செய்த கிட்டாரிலும் 24. வீணையில் மெட்டுகளை மெழுகின்மேல் பதிக்கிறார்கள். சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். கிட்டாரிலோ ரம்பத்தின் அகலமே உள்ள பள்ளத்தை மரத்தில் அறுத்து, உலோகக் கம்பியை அடித்து இறக்கவேண்டும். அறுத்தது அறுத்ததுதான். பிரையனின் கிட்டாரில் தந்தி ஒலிக்கும் நீளம் 24 அங்குலம். அதை 17.817 என்ற எண்ணால் வகுத்தால் 1.347 அங்குலம் வரும். அங்கே முதல் மெட்டு. மிச்சமுள்ள நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. இப்படியே போனால் 12-ஆம் மெட்டு சரியாக 12 அங்குலத்தில் வந்து நிற்கும். கணக்கு இப்படிப் படிப்படியாக நடந்தாலும், மரத்தில் குறிக்கும்போது ஒவ்வொரு மெட்டையும் தலைப்பக்கத்து முனையிலிருந்தே அளக்கவேண்டும். முந்தின மெட்டிலிருந்து அளந்தால், ஒவ்வொன்றிலும் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு பிசகினாலும், கடைசியில் அரை அங்குலம் தப்பிப்போகும்.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை. பழைய நாளில் 17.817-க்குப் பதிலாக 18 என்ற எண்ணால் வகுப்பார்கள். 1581-ல் வெளிவந்த தம் நூலில் அந்த விதியை எடுத்துரைத்தவர் வின்சென்ஸோ கலிலேயி என்ற இத்தாலிய இசைவாணர். அவர் தம் மகனை மருத்துவனாக்க எண்ணிப் பீசா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். மகன் கணிதத்தில் மயங்கி, 1585-ல் பட்டம் பெறாமலே வீடு திரும்பினான். வானத்தைத் தொலைநோக்கியால் ஆராய்ந்த கலிலேயோ அவன்தான். ஆக, நம் வினா இன்று நேற்று எழுந்ததன்று.

நிற்க. பெல்தம் ஊருக்குத் திரும்புவோம். பையன் படிப்பிலும் கெட்டிக்காரன். இம்பீரியல் கல்லூரியில் இயற்பியலில் பட்டம் பெற்று, சூரிய மண்டலத்துத் தூசியைப்பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தான். இதற்கிடையில் 1970-ல் குயீன் என்ற இசைக்குழு பிறந்தது. 1974-ல் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, அந்தக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு முழுநேரமும் இசைக்கே போய்விட்டான். தகப்பனுக்கு இடி விழுந்தாற்போல் ஆயிற்று. அந்தக் கிட்டாரைத் தம் கையாலேயே கூட இருந்து செய்துகொடுத்தவர், மகன் அதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டபோது பொறுக்கமாட்டாமல் நீண்ட நாள் அவனோடு பேசாமலே இருந்துவிட்டார்.

அவரை எளிதில் குற்றம் சொல்லவேண்டாம். பாட்டுக் குழுக்களில் எத்தனை பேர் தேறுகிறார்கள்? முக்கால் கிணறு தாண்டிய படிப்பைக் கைவிடாதே என்று சொல்லாத தகப்பன் உண்டோ? மகன் பிற்பாடு உலகப் புகழ் பெற்றான், ஆகவே தகப்பன் சொன்னது தப்பு என்று தீர்ப்புக் கூறுவோரும் உண்டு. அது நியாயமன்று. பிரையன் தோற்றுப்போய் வாடகைக்குத் திண்டாடியிருந்தால் தகப்பன் சொன்னது சரியென்றாகிவிடுமா? வெற்றி தோல்வியைப் பார்த்து நன்மை தீமையை நிறுப்பது, பகடை விழுந்தபின் பந்தயம் கட்டுவதைப் போன்றது.

அர்ச். தோமாஸ் அக்வினாஸ் இங்கே நமக்கு உதவுகிறார். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி அவர் ஆக்குதல் வேறு, ஒழுகுதல் வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். ஆக்குதலில் நன்மை என்பது ஆக்கப்பட்ட பொருளில் இருக்கிறது. தச்சன் எந்த மனத்தோடு செய்தான் என்று பார்த்து நாம் அவன் தச்சுத் திறனைப் புகழ்வதில்லை. பொருள் எப்படி அமைந்தது என்றுதான் பார்க்கிறோம். தகப்பன் எவ்வளவு பாசத்தோடு அறுத்தாலும், இடம் தவறி அறுத்த மெட்டு இடம் தவறிய மெட்டுதான். சுருதி பாசத்தைக் கேட்காது. ஒழுகுதலோ அப்படியன்று. அதில் மனமே பிரதானம். நல்லெண்ணமும் விவேகமும் இல்லாத செய்கை, வெளியே எவ்வளவு அழகாயிருந்தாலும், நற்செய்கை ஆகாது.

பிள்ளை வளர்ப்பது இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது? பெற்றோர் பலர் அதை ஆக்குதல் என்றே எண்ணிவிடுகிறார்கள். வரைபடம் தங்களிடம், மரம் பிள்ளை. ‘இவனை டாக்டராக்கப் போகிறேன், அவளை இன்ஜினீயராக்கப் போகிறேன்’ என்ற நம் பேச்சைக் கவனியுங்கள்; எல்லாம் தச்சுப் பட்டறைப் பேச்சு. மரத்துக்குக்கூட ஒரு ரேகை உண்டு. அதற்கு எதிராக இழைத்தால் சிராய் கிளம்பும். ஆயினும் மரத்துக்கு மறுத்துச் சொல்லச் சித்தம் இல்லை. பிள்ளைக்கு அது உண்டு, அதைக் கொடுத்தது நாம் அல்ல. ஆகவே பிள்ளை வளர்ப்பு ஒழுகுதலைச் சேர்ந்தது. அதில் ‘பொருள் நான் நினைத்தபடி அமைந்ததா’ என்று கேட்பதே தவறான கேள்வி. ‘நான் இவனிடம் நீதியாயும் அன்பாயும் நடந்தேனா’ என்பதே கேட்கத்தக்கது.

இன்னொன்றும் உண்டு. கலைத்திறன் என்பது பொருளில் தங்குவதன்று, செய்பவனுடைய அறிவில் ஊன்றி நிற்கும் ஒரு பழக்கம் என்றும் தோமாஸ் சொல்கிறார். அப்படியானால் அந்த 2 ஆண்டுகளில் ஹரால்டு மகனுக்குக் கொடுத்தது கிட்டார் மட்டுமல்ல. தோதான பொருள் இல்லாதபோது கைக்குக் கிடைத்ததைக் கொண்டு தோது பண்ணுகிற புத்தி. மறுபடியும் அளந்து பார்க்கும் பொறுமை. ‘இது போதும்’ என்று பாதியில் விட்டுவிடாத பிடிவாதம். கிட்டாரைத் திரும்ப வாங்கிப் பரண்மேல் வைக்கலாம். இவற்றைத் திரும்ப வாங்க முடியாது. அவை மகனுடைய சொந்தமாகிவிட்டன. தகப்பன் எந்தப் பிடிவாதத்தைக் கண்டு மனம் நொந்தாரோ, அது அவரே பழக்கிவிட்ட பிடிவாதம்தான்.

அப்படியானால் தகப்பன் வாய் திறக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் திறக்கலாம். ஆலோசனை சொல்வது அவருடைய கடமை. கேட்காத ஆலோசனையைச் சொல்வதும் சில வேளை கடமை. வயது வந்த மகனோ அதைச் செவிகொடுத்துக் கேட்கக் கடமைப்பட்டவன். கேட்டபின் கீழ்ப்படிந்தே தீரவேண்டும் என்பதில்லை. நன்றியும் கீழ்ப்படிதலும் ஒன்றல்ல. ஹரால்டு மறுத்துப் பேசியதில் எனக்குக் குறை தெரியவில்லை. பேச்சை நிறுத்தியதுதான் குறை. மறுப்பவன் இன்னும் உறவில் நிற்கிறான். பேசாதவனோ தன் அன்பைப் பிணையாகப் பிடித்துவைத்துப் பேரம் பேசுகிறான்.

1977-ல் நியூயார்க் நகரத்து மாடிசன் சதுக்க அரங்கத்தில் மகன் வாசித்ததைக் கேட்கப் பெற்றோர் வந்தார்கள். தகப்பனார் அன்று சமாதானமானார். 2002-ல் இங்கிலாந்து அரசியின் பொன்விழாவில் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று பிரையன் அதே கிட்டாரை வாசித்தார். 2007-ல், விட்டுப்போன ஆராய்ச்சியை எடுத்து முடித்து முனைவர் பட்டமும் பெற்றார். அதைப் பார்க்கத் தகப்பனார் அப்போது உயிரோடு இல்லை. பூச்சித் துளைகளில் தீக்குச்சி செருகிய அந்தக் கழுத்து மட்டும் இன்னும் அதே கிட்டாரில்தான் இருக்கிறது.