தூண்டில்காரனின் சங்கற்பம்

ஏரிக்கரையில் நின்று டிரவுட் மீன் பிடிக்கப் புறப்படுகிறவன் முன்கூட்டியே செய்துகொள்ளும் தேர்வுகள், பார்வைக்கு வெறும் சௌகரியத்தைப் பற்றியவையாகவே தோன்றும். கோல் ஆறரை அடியா ஏழடியா, தங்கூஸ் நரம்பு நான்கு ராத்தல் தாங்குவதா ஆறு ராத்தல் தாங்குவதா, இரை மண்புழுவா, பித்தளைத் தகட்டில் அடித்த ஸ்பூனா, இறகும் பட்டுநூலும் சுற்றிக் கட்டிய பொய் ஈயா என்று அவன் தீர்மானிக்கும்போது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், எவ்வளவு தூரம் வீச வேண்டியிருக்கும், நீர் எவ்வளவு தெளிந்திருக்கும் என்பவற்றையே யோசிக்கிறான். ஆயினும் இத்தேர்வுகள் ஒவ்வொன்றிலும், அவன் அறிந்தோ அறியாமலோ, ஒரு ஜீவனின் மரணத்தைப் பற்றியோ வேதனையைப் பற்றியோ ஒரு நிச்சயம் அடங்கிக் கிடக்கிறது. தர்ம விசாரம் செய்தவர்கள் சங்கற்பம் என்று சொல்வது மீன் கவ்வும் கணத்தில் அல்ல, அதற்கு வெகு முன்பே, பெட்டியைத் திறந்து முள்ளைப் பொறுக்கும் கணத்திலேயே பிறந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் இந்த விசாரத்துக்கு உகந்த இடம் நீலகிரி. டிரவுட் அம்மலையில் தோன்றிய மீன் அல்ல. தங்கள் தேசத்து நீரோடைகளை மறக்கமாட்டாத ஆங்கிலேயர் அதைக் கொண்டுவர 1860-களிலேயே முயன்று தோற்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவர் மீண்டும் முயன்றபோதுதான் வானவில் டிரவுட் என்னும் இனம் அங்கே நிலைத்தது. 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையமும் ஏற்பட்டது. பிற்பாடு குந்தா நீர்மின் திட்டத்துக்காக அணைகள் எழும்பி, எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி என்னும் பெரிய நீர்த்தேக்கங்கள் உண்டாகவே, ஓடைக்கரையில் நின்றவன் ஏரிக்கரைக்கும் வந்து சேர்ந்தான். ஓடையில் மீன் ஓரிடத்தில் நின்று, நீரோட்டம் கொண்டுவரும் இரைக்குக் காத்திருக்கும். ஏரியிலோ அது இரையைத் தேடிச் சுற்றும். குளிர்ந்த நீரை நாடும் பிராணியாகையால், காலையிலும் மாலையிலும் கரையோரத்துக்கு வந்து, வெயில் ஏறியபின் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆகவே கரையில் நிற்பவனுக்கு இரண்டே மார்க்கங்கள்: கனமான ஸ்பூனையோ, தக்கையோடு பொய் ஈயையோ தூர வீசி இழுத்துக்கொண்டே இருப்பது ஒன்று, ஈயக்குண்டு கட்டிய புழுவைத் தரையில் படியவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது மற்றொன்று.

இவ்விரண்டுக்கும் உள்ள பேதம் சோம்பலுக்கும் சுறுசுறுப்புக்கும் உள்ள பேதம் மட்டும் அன்று. தகட்டையோ பொய் ஈயையோ கவ்விய மீனுக்கு முள் பெரும்பாலும் உதட்டில் மாட்டும். உயிருள்ள புழுவையோ, மீன் விரும்பும் மாவுருண்டையையோ அது சந்தேகமின்றி விழுங்குவதால், முள் செவுளைத் தாண்டி இரைப்பைவரை போய்விடும். திரும்ப நீரில் விடப்பட்ட டிரவுட்டுகளைப் பற்றி அமெரிக்காவில் நடந்த பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், புழு முதலியவற்றால் பிடிபட்டவற்றுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பின்னர் இறந்துபோயின என்றும், பொய் ஈயால் பிடிபட்டவற்றுள் இறந்தவை நூற்றுக்கு ஐந்து அளவிலேயே இருந்தன என்றும் கண்டார்கள். எனவே புழுவை மாட்டுகிறவன் கொல்வதென்று தீர்மானித்துவிட்டவன். 'சிறிய மீனானால் விட்டுவிடுவேன்' என்று அவன் சொல்வது, அம்பை எய்துவிட்டுக் குறியைப் பற்றி யோசிப்பதைப் போன்றது.

இவ்வளவில் நின்றிருந்தால் விஷயம் எளிது: பொய் ஈ தர்மம், புழு அதர்மம் என்று முடித்துவிடலாம். தூண்டில் பிரியர்களில் கொஞ்சம் உயர்ந்த மனம் படைத்தவர்கள் பலர் அப்படித்தான் முடித்திருக்கிறார்கள். அவர்களுடைய மரபில் மெல்லிய நரம்பும் லேசான கோலும் ஒருவித க்ஷத்திரிய நீதியாகவே கருதப்படுகின்றன. அறுந்துபோகக்கூடிய நரம்பைக் கொண்டு பிடிப்பவன் மீனுக்கும் தப்பிக்க ஒரு சந்தர்ப்பம் அளிக்கிறான் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு இது கம்பீரமாகவே இருக்கிறது. ஆனால் மீனின் பக்கம் நின்று பார்த்தால் என்ன நடக்கிறது? நரம்பு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நேரம் அந்தப் பிராணி போராட வேண்டும். போராடப் போராட அதன் தசைகளில் லாக்டிக் அமிலம் ஏறி, உடம்பு முழுவதும் சோர்ந்துபோகிறது. கனடாவில் பெர்குசன், டஃப்ட்ஸ் என்னும் இருவர் 1992-இல் வெளியிட்ட பரிசோதனையில், ஓடவைத்துக் களைக்கச் செய்த வானவில் டிரவுட்டுகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு மாண்டன. களைத்தபின் அரை நிமிஷம் காற்றில் வைக்கப்பட்டவற்றுள் முப்பத்தெட்டும், ஒரு நிமிஷம் வைக்கப்பட்டவற்றுள் எழுபத்திரண்டும் மாண்டன. மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்குச் சிரிக்க ஒரு நிமிஷம் தாராளமாக ஆகும். சமத்துவப் போர் என்று நாம் பெயரிட்ட அந்தக் கனவான் விளையாட்டின் செலவு முழுவதும் மீனின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. மனிதன் இழக்கக்கூடியது ஒரு முழம் நரம்பு மாத்திரமே.

மீனுக்கு வேதனை உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. மனித மூளையில் உள்ள புறணி மீனுக்கு இல்லையாகையால் அதற்கு வலியின் அனுபவம் இருக்க முடியாது என்று ஜேம்ஸ் ரோஸ் 2002-இல் வாதித்தார். மறு வருஷமே லின் ஸ்னெடன் என்னும் அம்மையாரும் அவருடைய சகாக்களும் வானவில் டிரவுட்டின் உதட்டில் தேனீயின் விஷத்தையும் அசெட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தபோது, அவை இரை தின்ன மறுத்து, உடலை ஆட்டிக்கொண்டு, அமிலம் பட்டவை உதட்டைத் தொட்டியின் சரளையில் தேய்த்துக்கொண்டன. இந்தத் தர்க்கம் இன்னும் ஓயவில்லை. ஆனால் சந்தேகம் இருக்குமிடத்தில் சந்தேகத்தின் லாபம் யாருக்குச் சேர வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. நிரூபணம் கேட்கும் உரிமை முள்ளை ஏந்தியவனுக்கு இருப்பதாக நான் கருதவில்லை.

சமண ஆசிரியர்கள் இல்லறத்தானுக்கு ஹிம்சையை நான்காக வகுத்தார்கள்: கருதிச் செய்வதான சங்கல்பீ, சமைத்தல் பெருக்கல் போன்ற வீட்டு வேலைகளில் நேரும் ஆரம்பீ, தொழிலில் நேரும் உத்யோகீ, தற்காப்பில் நேரும் விரோதீ. பின்னைய மூன்றையும் இயன்றவரை குறைக்கச் சொன்னவர்கள், முதலாவதை மட்டும் அறவே விடச் சொன்னார்கள். பௌத்தர்களோ இன்னும் உள்ளே புகுந்து, காயத்தால் செய்யும் வினையைவிட மனத்தால் செய்யும் வினையே பெரிது என்றார்கள். மஜ்ஜிம நிகாயத்தில் வரும் உபாலி சூத்திரத்தின் விவாதமே இதைப் பற்றியதுதான். இவ்விரு சமயத்தாரும் புலால் விஷயத்தில் எவ்வளவு கடுமையாகச் சண்டையிட்டார்கள் என்பதை நீலகேசி படித்தவர்கள் அறிவார்கள். தூண்டில்காரனை இவர்கள் முன் நிறுத்தினால் இருவருமே அவனைக் கண்டிப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தத் தூண்டில்காரனை அதிகமாகக் கண்டிப்பார்கள் என்று கேட்டால், விடை நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருக்கக்கூடும். வீட்டில் சமைக்க இரண்டு மீன் பிடித்து, உடனே தலையில் அடித்துக் கொன்று எடுத்துப் போகிறவனுக்கு உணவு என்றொரு காரணம் இருக்கிறது. இருபது மீனைப் பிடித்து இருபதையும் விட்டுவிடுகிறவன், கொலையைத் தவிர்த்தாலும், வருத்துவதையே பிரயோஜனமாகக் கொண்டவனாகிறான். வருத்துதல் அவனுக்கு வழியில் நேர்ந்தது அன்று. வந்த காரியமே அதுதான்.

ஐரோப்பியச் சட்டங்கள் இரண்டு, நம் பழைய ஆசிரியர்களைக் கலந்தாலோசிக்காமலே, இந்த முடிவுக்கு வந்திருக்கின்றன. ஜெர்மனியில் தக்க காரணமின்றிப் பிராணியை வருத்தலாகாது என்பது சட்டம். உணவு தக்க காரணமாகக் கொள்ளப்படுகிறது, கேளிக்கை அப்படிக் கொள்ளப்படுவதில்லை. ஸ்விட்ஸர்லாந்தின் 2008-ஆம் வருஷத்துப் பிராணிப் பாதுகாப்பு விதிகளோ, திரும்ப விடும் நோக்கத்துடனேயே மீன் பிடிப்பதைத் தடை செய்கின்றன. விடுவதை அல்ல, விடும் நோக்கத்தோடு பிடிப்பதை அவை தடுப்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது, அரசாங்கமே சங்கற்பத்தைத்தான் பார்க்கிறது.

பிடித்த மீனை விடுவதில் மகிமையே இல்லையா என்றால், நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனாரின் சரிதம் கண்முன் நிற்கிறது. வலையில் வந்த மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விடுவது அவருடைய நியமம். நாளுக்கு ஒரே மீன் அகப்பட்ட வறுமைக் காலத்திலும் அந்த ஒன்றையும் விட்டார். கடைசியில் பொன்னும் மணியுமாய்ப் பிரகாசித்த மீன் அகப்பட்டபோதும் அவ்வாறே விட்டார் என்கிறார் சேக்கிழார். அவர் விட்டது தமக்கு வேண்டியதை. அடுப்பு எரியாத வீட்டுக்குப் போகவேண்டிய மீனை. நம் ஏரிக்கரைக் கனவான் விடுவது தனக்கு வேண்டாததை. அவனுக்கு வேண்டியிருந்த போராட்டத்தை அவன் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டான். இருவர் கையும் செய்யும் காரியம் ஒன்றே, ஆனால் ஒன்றைத் தியாகம் என்றும் மற்றதைத் தியாகம் என்றும் ஒரே நாவால் சொல்ல என்னால் முடியவில்லை.

1653-இல் தூண்டில் கலையைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் செய்த ஐசக் வால்டன் பக்திமான். பாதிரிமார்களின் சரித்திரங்களை எழுதியவர். ஏசுவின் சீடர்களில் சிலர் மீனவராயிருந்ததைத் தம் கலைக்கு ஆதாரமாகக் காட்டியவர். தியானத்துக்கு ஏற்ற தொழில் என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. நீரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நிற்பதில் சித்தம் அடங்குவது உண்மைதான். ஆனால் அந்த அடக்கத்துக்கு முள் எதற்கு என்பதை மட்டும் அவர் விளக்கவில்லை. ஆங்கிலக் கவி பைரன் பிற்காலத்தில் அவரைக் கொடியவர் என்று சினந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை.

ஆகவே சாமான்களைப் பற்றிய என் அபிப்பிராயம் தூண்டில் பிரியர்களுக்கு ருசிக்காது. உண்பதற்காகப் பிடிக்கிறவன் நான்கு ராத்தல் நரம்பை ஒதுக்கி, தெளிந்த நீரில் மீன் சற்றுக் கூச்சப்பட்டாலும் பாதகமில்லை என்று, ஆறு அல்லது எட்டு ராத்தல் நரம்பையே சுற்றிக்கொள்ளட்டும். போராட்டம் சீக்கிரம் முடியும். மூன்று கிளை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளை மாட்டி, அதன் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடட்டும். கனமான சிறு கட்டை ஒன்றும் பையில் இருக்கட்டும். வேண்டிய மீன் கிடைத்ததும், பொழுது எவ்வளவு நன்றாக இருந்தாலும், கோலைப் பிரித்து உறையில் போடட்டும். இடையே, அளவுக்குக் குறைந்த குஞ்சு ஒன்று மாட்டிக்கொள்ளும். அதைத் தண்ணீருக்கு மேலே தூக்காமல், நனைந்த கையால் பற்றி முள்ளை எடுத்துவிட வேண்டும். அப்படி விடுவது மேலே சொன்ன குற்றத்தில் சேராது, ஏனெனில் அவன் அதைத் தேடி வரவில்லை.