சித்திரம் சோறு போடுமா?



சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, தாராவியில் நமது சிறுவர் வகுப்பு நடைபெறும் கூடத்தின் வாயிலில் ஓர் அம்மையார் வந்து நின்றார். வைகறை மூன்று மணிக்கு எழுந்து இட்டலி அவித்து, தம் கணவர் தலையில் சுமந்து விற்று வரக் கொடுத்தனுப்பிக் குடும்பம் நடத்துபவர். "அய்யா, கணக்குச் சொல்லிக் கொடுங்கள், ஆங்கிலம் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் போடச் சொல்கிறீர்களே, சித்திரம் சோறு போடுமா?" என்று வினவினார்.

நாம் அப்போது கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. மகாராஷ்டிர அரசு நடத்தும் சித்திரத் தேர்வில் தேறினால் பத்தாம் வகுப்பில் சில மதிப்பெண்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்றோம். அம்மையார் தலையசைத்துச் சென்றார். நாமோ கள்ளத் தராசில் நிறுத்துக் கொடுத்த வணிகனைப் போல மனம் கூசி வீடு திரும்பினோம். சித்திரத்தின் பெருமை அந்தச் சில மதிப்பெண்களில் இல்லை என்பதை அறிந்திருந்தும் அவ்வாறு கூறினோம் அல்லவா?

அவர் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. நம் முன்னோர்க்கு எழுத்தே மறுக்கப்பட்டது. அவ்வெழுத்தைக் கைப்பற்றுவதற்கே தலைமுறைகள் பல கழிந்தன. இந்நிலையில் வாரத்தில் ஒரு மணி நேரத்தை வண்ணக்கோலுக்கு ஈவது, செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கை ஏழைக் குடிலில் புகுத்துவது ஆகாதா? உபாசகர் சிலர் வேறோர் ஐயமும் எழுப்புகின்றனர். ஆடல், பாடல், வேடிக்கைக் காட்சி முதலியவற்றை விலக்கும் சீலத்திற்கு இது மாறுபட்டதன்றோ என்பது அவர்கள் கேள்வி. அச்சீலம் உபோசத நாளில் காக்கப்படும் எட்டனுள் ஒன்று. இல்லறத்தார் நாடோறும் காக்கும் ஐந்தனுள் ஒன்றன்று. அவ்விடத்தும் படம் எழுதுதல் என்ற பேச்சே இல்லை. ஆதலின் அவ்வையத்தை இத்துடன் விடுவோம். அம்மையாரின் வினாவே பெரிது.

நாமும் பம்பாய் ஆலையொன்றில் தறி ஓட்டிப் பிழைத்தவர்தாம். 1990ஆம் ஆண்டையொட்டிய காலம் அது. பூவேலைத் துணி நெய்வதற்கு முன்னர், கட்டம் போட்ட காகிதத்தில் அப்பூவை எழுதுவார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவு நூலும் ஓர் ஊடை நூலும் சந்திக்கும் இடம். வண்ணமிட்ட கட்டத்தில் பாவு மேலே வரும்; வெறுங் கட்டத்தில் ஊடை மேலே வரும். அதைப் பார்த்து அட்டைகளில் துளையிடுவார்கள். அவ்வட்டைகளின் ஆணைப்படி தறி நூலைத் தூக்கும். படம் எழுதும் அறை மாடியில். அங்கே நாற்காலியும் மின்விசிறியும் உண்டு. தறிகள் கீழே, அங்கே பஞ்சுத் தூசியும் செவியைப் பிளக்கும் ஓசையுமே உண்டு.

ஒருமுறை பூவிதழ் ஒன்றில் ஊடை நூல் பிடிப்பின்றி நீளமாகத் தொங்குவதைக் கண்டோம். எந்தக் கட்டத்தை நிரப்பினால் அது சீர்ப்படும் என்று கூலிச் சீட்டின் பின்புறத்தில் கோடு கிழித்துக் காட்டினோம். மேற்பார்வையாளர் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "தறிக்காரனுக்குப் பென்சில் எதற்கு?" என்றார். இரண்டு வாரம் கழித்து அப்பூ நாம் காட்டியவாறே திருத்தப்பட்டு வந்தது. நம்மிடம் எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவர் சிரித்ததைப் பற்றி இன்று நமக்கு வருத்தம் இல்லை. அச்சிரிப்பை நம்பி, அதன்பின் பல்லாண்டுகள் பென்சிலை நாம் தொடாதிருந்தோமே, அதுதான் வருத்தம்.

சாதி என்பது தொழிலைப் பிரிப்பது மட்டுமன்று, தொழிலாளரையே பிரித்து வைப்பது என்று பாபாசாகேப் 1936இல் எடுத்துரைத்தார். ஆலையில் அதன் இன்னொரு முகத்தை நாம் கண்டோம். எண்ணுபவர் ஒருவர், எண்ணியதைச் செய்பவர் வேறொருவர். சங்யுத்த நிகாயத்தில் ததாகதர் சரணம் என்னும் சித்திரத்தைக் குறிப்பிட்டு, அச்சித்திரமும் உள்ளத்தால் எண்ணப்பட்டதே என்றும், உள்ளம் அதனினும் பலவகைப்பட்டது என்றும் பிக்குகளுக்கு விளக்குகின்றார். கைக்கு முன்னர் உள்ளம் எழுதுகின்றது. ஆகவே ஒரு குழந்தையின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்குபவர், உன் கை பிறருடைய உள்ளத்திற்கு ஏவல் செய்யவே பிறந்தது என்று அதற்குப் போதிக்கின்றார். அப்பாடத்தை நம் குழந்தைகளுக்கு ஊரார் போதியளவு கற்பித்துவிட்டனர். நாமும் கற்பிக்க வேண்டியதில்லை.

இருப்பினும், எண்ணிச் செய்யக் கற்றவனுக்கு நல்ல வேலை கிடைக்கும் என்று இதை முடித்துவிட்டால் மறுபடியும் சோற்றுக் கணக்கிலேயே வந்து நிற்போம். வேலை பெறும் வயதே வாய்க்காத குழந்தைக்குச் சித்திரம் எதற்கு? இவ்வினாவை உலகம் ஒருமுறை கண்டது. வியன்னா நகரில் 1898இல் பிறந்த பிரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்னும் ஓவிய அம்மையார், யூதர் என்ற ஒரே காரணத்தால் 1942 டிசம்பரில் செக் நாட்டின் தெரேசீன் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். எடுத்துச் செல்ல இசைவளிக்கப்பட்ட சிறு மூட்டையில் அவர் படம் வரையும் பொருள்களையும் நிறைத்துக்கொண்டார். பசியும் நோயும் நெருக்கடியும் மிகுந்த அவ்விடத்தில் குழந்தைகளைக் கூட்டிச் சித்திரம் பயிற்றினார். தாளில் தத்தம் பெயரை எழுதச் சொன்னார். பூக்களையும், விட்டு வந்த வீட்டையும், முகாமின் அடுக்குக் கட்டில்களையும் அவர்கள் எழுதினார்கள். 1944 அக்டோபரில் அவ்வம்மையார் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அக்குழந்தைகளில் பெரும்பாலோரும் கொல்லப்பட்டனர். இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்ட ஏறத்தாழ 4,500 படங்கள் மட்டும் எஞ்சின. இன்று பிராகா நகரின் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன.

சித்திரம் அக்குழந்தைகளைக் காக்கவில்லை. காத்தது என்று எழுதினால் அது பொய்யுரை; நான்காம் சீலத்துக்கு இழுக்கு. ஆனால் பகைவர் அவர்களை எண்ணிக்கையாகக் கணக்கெடுத்த இடத்தில், அந்த ஒரு மணி நேரம் அவர்கள் தாமே பார்ப்பவர்களாய், தாம் கண்டதைத் தம் பெயரிட்டு வைப்பவர்களாய் இருந்தனர். இதை அறிந்தபின், தேர்வு மதிப்பெண்ணைச் சொல்லி ஒரு தாயை அனுப்பினோமே என்று நாணினோம்.

பாபாசாகேப் தம் வாழ்வின் பிற்பகுதியில் தூரிகை பிடித்துப் பழகினார் என்பதையும், கண் திறந்த புத்தர் உருவை விரும்பினார் என்பதையும் நம்மவர் அறிவர். நம் வகுப்புச் சிறுவரோ முதலில் நாட்காட்டியில் உள்ள புத்தரையே மூடிய கண்களுடன் வரைந்தனர். இருபது தாள்களிலும் ஒரே முகம்! அதை நிறுத்திவிட்டு, அவரவர் தாயை எழுதுங்கள் என்றோம். கூடம் அமைதியாயிற்று. அம்மாவின் மூக்குத்தி வலப்புறமா இடப்புறமா என்பது பாதிப் பேருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்து வாருங்கள் என்று அனுப்பினோம். நாள்தோறும் கண்ணெதிரே நடமாடுபவளைக் காணாதிருக்கக் கற்றுவிட்டது குழந்தையின் குற்றமா? நம்மை ஊர் அப்படித்தானே காணாதிருந்தது! பிழை திருத்துவதையும் அளவுக்கு மீறிப் புகழ்வதையும் அன்று முதல் விட்டுவிட்டோம். அச்சிட்ட தாளின் பின்புறமும் அடுப்புக்கரியும் போதுமானவையாக இருந்தன.

சில வாரங்களுக்குப் பின் இட்டலிக்கார அம்மையார் மீண்டும் வந்தார். கையில் அவர் மகன் எழுதிய தாள் ஒன்று. ஒன்பது வயதுச் சிறுவன். தாயின் முகத்தை விட்டுவிட்டு, கொப்பரை மூடியைத் தூக்கும் வலக்கையை மட்டும் எழுதியிருந்தான். முன்கையில் ஆவி பட்டுச் சுட்ட தழும்புகள் இரண்டு இருந்தன.

"இதை இவனுக்கு யார் சொன்னது அய்யா?" என்றார்.

"எவரும் சொல்லவில்லை, அம்மா. பார்த்திருக்கிறான்."

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மகனை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, விளக்கின் கீழ்க் கையை நீட்டினார். "மூன்றடா. முழங்கைக்குப் பக்கத்தில் ஒன்றை விட்டுவிட்டாய், பார்" என்றார். சிறுவன் கரித்துண்டை எடுத்துக்கொண்டான்.