கண்ணில் தங்கிய அலை



பொறியடக்கத்தைப் பேசும்போதெல்லாம் ஐந்து வாயில்கள் கொண்ட வீட்டை உவமை கூறுகிறோம். ஒரு வாயிலைச் சாத்தினால் அவ்வழி வரும் பகை நின்றுவிடும் என்பது கருத்து. அவ்வாயில்கள் உள்ளே ஒன்றோடொன்று இணைந்திருப்பதை அவ்வுவமை சொல்வதில்லை. அதனை எனக்கு உணர்த்தியது ஒரு சிற்றுயிர்.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் கடலில் ஹெர்மிசெண்டா என்னும் ஓடற்ற நத்தை வாழ்கிறது. தொல்காப்பிய மரபியல் நந்தினை ஈரறிவுயிர்களுள் வைத்தது. இந்நத்தைக்கோ ஒளியறியும் கண்ணும் உண்டு. கண்ணொன்றுக்கு ஒளியுணரும் அணுக்கள் ஐந்தே. உடல் நிலைகுலைவதை அறியும் உறுப்பொன்றுக்கு மயிரணுக்கள் 13. முன்னோர் செய்த பகுப்பு உடற்கூற்று நூலன்று எனக் கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

நீர் அமைதியாயிருப்பின் அந்நத்தை ஒளியை நாடி ஊரும். அலை புரட்டினால் பாதத்தைச் சுருக்கித் தரையைப் பற்றிக்கொள்ளும். ஒளியையும் சுழற்சியையும் மீண்டும் மீண்டும் ஒருங்கே அளித்து ஆராய்ந்த குரோ, ஆல்கன் என்னும் அறிஞர்கள் தாம் கண்டதை 1978-இல் வெளியிட்டனர். பயிற்சிக்குப்பின் ஒளியை மட்டும் காட்டியபோது, அதனை நாடிச் சென்ற நத்தை தயங்கிற்று. ஒளி பட்டதும் பாதமும் சுருங்குவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இரண்டையும் இயைபின்றித் தனித்தனியே அளித்தால் இம்மாற்றம் இல்லை.

வியப்பு இனித்தான். மயிரணுவின் செய்தி கண்ணணுவை வந்தடைகிறது. இரண்டும் ஒருங்கே நேர்ந்துவரின், கண்ணணுவின் பொட்டாசிய மின்னோட்டம் குறைகிறது. அதன்பின் அவ்வணு ஒளிக்கு மிகையாகக் கிளர்கிறது. அலையின் சுவடு கண்ணிலேயே தங்கிவிடுகிறது!

நமக்கும் இஃது அயலன்று. வசை கேட்ட வீட்டின் வாசற்படியைக் கண்டாலே முகம் சுளிக்கிறோம். வசை புகுந்தது செவிவழி. வெறுப்பு எழுவது கண்வழி. படி செய்த பிழை யாது? வினையின் ஊற்றை ஒரு வாயிலில் அடைக்க முயல்கிறோம். அது மற்றொன்றில் கசிகிறது.

ஒன்றை மறைத்தல் ஆகாது. இவ்வறிவைப் பெற அந்நத்தைகளின் நரம்பு மண்டலம் அறுத்தெடுக்கப்பட்டது. உயிர்க்குத் துன்பம் இழைத்துப் பெற்ற செய்தியைக் கொண்டு இன்னா செய்யாமை மேடையில் பேசுகிறேன். இம்முரண் என்னை உறுத்துகிறது. உங்களையும் உறுத்துதல் நன்று.

கற்றது அழியாததன்று. அலையின்றி ஒளியை மட்டும் பன்முறை காட்டினால் அத்தயக்கம் தளர்கிறது. சாமாயிகத்தில் அமரும்போது, அவ்வாசற்படியை மட்டும் நினைவில் நிறுத்துங்கள். அங்குக் கேட்ட சொல்லை அழைக்காதீர்கள். முதல் நாள் முகம் சுளிக்கத்தான் செய்யும்.