மார்கழியும் மழலையரும்: ஆன்மிகக் கேள்வி பதில்

கேள்வி: ஐந்து வயதுப் பிள்ளையையும் எட்டு வயதுப் பிள்ளையையும் மார்கழி முழுவதும் விடியுமுன் எழுப்பி, நீராட்டி, திருப்பாவை சொல்ல வைக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுகின்றனர். அரையாண்டு விடுமுறையிலாவது தூங்கட்டுமே என்கின்றனர் பெற்றோர். எது சரி?

பதில்: சூரியன் தனுர் ராசியில் சஞ்சரிக்கும் காலமே மார்கழி, அதனால் வடமொழி நூல்கள் இதைத் தனுர் மாதம் என்று வழங்குகின்றன. மனிதர்களின் ஓர் ஆண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்பது புராணக் கணக்கு. தை முதல் ஆனி வரையுள்ள உத்தராயணம் அவர்களுக்குப் பகலாகவும், ஆடி முதல் மார்கழி வரையுள்ள தட்சிணாயனம் இரவாகவும் அமைவதால், அந்த இரவின் கடைசிப் பகுதியாகிய மார்கழி, விடியற்காலை 4 மணி முதல் 6 மணி வரையுள்ள வைகறைப் பொழுதுக்கு ஒப்பாகிறது. இம்மாதத்தில் வைகறை வழிபாட்டுக்குத் தனிச் சிறப்பு வந்த காரணம் இதுவே. ஆகவே பெரியவர்கள் சொல்வதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை.

ஆனால் மார்கழி நோன்பை நோற்றவர்கள் யார், எப்படி நோற்றார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை முழுமை பெறும். பாகவதத்தின் பத்தாம் கந்தத்தில், ஆயர்பாடிக் கன்னியர் முன்பனிக் காலத்தின் முதல் மாதத்தில் யமுனையில் விடியலில் நீராடி, ஆற்று மணலாலேயே காத்தியாயனி தேவியின் உருவத்தைச் செய்து வழிபட்டதாக வருகிறது. அதற்கு வெகு முன்னரே தமிழில் பரிபாடலின் பதினோராம் பாடல், திருவாதிரை நாளில் வையை ஆற்றில் கன்னியர் ஆடிய அம்பா ஆடலைக் காட்டுகிறது. மழை வேண்டி மகளிர் குளிரில் நீராடும் அந்த நோன்பில், முறை அறிந்த மூத்த பெண்கள் வழிகாட்ட, தாய்மார் அருகில் நின்றனர் என்கிறது அப்பாடல். நோன்பு இளையவர்களுடையது, பெரியவர்களின் வேலை அருகில் நிற்பது என்பதே இவ்விரு சான்றுகளிலிருந்தும் கிடைக்கும் செய்தி. நோற்றவர்கள் தாங்களே விரும்பி நோற்றார்கள். எவரும் கையைப் பிடித்து இழுத்து ஆற்றில் இறக்கியதாக எந்த நூலிலும் இல்லை.

மேலும், அவர்கள் பருவம் எய்திய கன்னியரே தவிர ஐந்து வயதுக் குழந்தைகள் அல்லர். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். இரவு பத்து மணி வரை தொலைக்காட்சியின் முன் உட்கார வைத்துவிட்டுக் காலை நாலரைக்கு எழுப்புவது வழிபாடு ஆகாது, அது உடலுக்குச் செய்யும் தீங்கு. எட்டு மணிக்கே உறங்கிப் பழகிய வீடாயின், எட்டு வயதுப் பிள்ளை ஐந்தரைக்குத் தானாகவே எழுந்து வரக்கூடும். வந்தால் வெந்நீரில் நீராட்டி விளக்கின் முன் அமர்த்தலாம். சின்னது தூங்கட்டும். அது எழுந்தபின் கைகால் முகம் கழுவி, நெற்றிக்கு இட்டு, அணையாமல் இருக்கும் விளக்கைக் கும்பிட்டால் அன்றைய வழிபாட்டில் அதற்கு உரிய பங்கு கிடைத்துவிடும். கோயில் ஒலிபெருக்கி நாலரைக்கே தெரு முழுவதையும் எழுப்பிவிடும் ஊர்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை என்பது வேறு.

கேள்வி: பொருள் தெரியாமல் முப்பது பாசுரங்களையும் குழந்தைகள் ஒப்பிப்பதால் பயன் உண்டா?

பதில்: ஆண்டாள் அருளிய திருப்பாவை முப்பது பாசுரங்களைக் கொண்டது. மாணிக்கவாசகரின் திருவெம்பாவை இருபது, அவரே பாடிய திருப்பள்ளியெழுச்சி பத்து. இவை சேர்ந்து முப்பதாகச் சிவாலயங்களில் ஓதப்பெறுகின்றன. நாளுக்கு ஒன்று என்னும் வழக்கம் இந்த எண்ணிக்கையை ஒட்டியே வந்தது. மாதம் 29 நாளில் முடிந்தால் கடைசி நாளில் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். ஓசை முதலில் மனத்தில் பதிந்து, பொருள் பின்னால் வந்து சேர்வது தமிழ்நாட்டில் பாட்டுக் கற்பிக்கும் பழைய முறையாதலால், பொருள் தெரியாமல் பாடுவதில் குற்றம் இல்லை. முப்பதையும் ஒரே மாதத்தில் ஒப்பித்து முடித்தாக வேண்டும் என்னும் வீம்புதான் குற்றம்.

திருப்பாவையைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கக் கூடுதலாக எதையும் சேர்க்கத் தேவையில்லை, அதன் உள்ளேயே எல்லாம் இருக்கிறது. நான்காம் பாசுரம் மழை பெய்வதை ஒரு காட்சியாக விரிக்கிறது: மேகம் கடலுக்குள் புகுந்து நீரை முகந்து, முழங்கிக்கொண்டு மேலேறி, திருமாலின் மேனிபோல் கறுத்து, அவன் கைச் சக்கரம்போல் மின்னி, சங்குபோல் அதிர்ந்து, வில்லிலிருந்து புறப்படும் அம்புகளைப்போல் பொழிகிறது. பள்ளிப் பாடத்தில் நீர்ச் சுழற்சியைப் படிக்கும் பிள்ளைக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆறு முதல் பதினைந்து வரையுள்ள பத்துப் பாசுரங்களும் தூங்கும் தோழியரை எழுப்பும் பாட்டுகள். பறவைகளின் அரவம், கோயில் சங்கொலி, தயிர் கடையும் ஓசை, பனிப்புல் மேயப் போகும் எருமைகள் என்று விடியலின் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இன்னுமா தூக்கம் என்று கேலி செய்கிறார்கள். ஒன்பதாம் பாசுரத்தில், உள்ளே உறங்குபவள் ஊமையா, செவிடா என்று அவளுடைய தாயிடமே கேட்டுவிடுகிறார்கள்.

பதினைந்தாவது முழுக்க முழுக்க ஓர் உரையாடல். வாசலில் நிற்பவர்கள் கூப்பிட, உள்ளே இருப்பவள் சிலுசிலுக்காதீர்கள், இதோ வருகிறேன் என்று சலித்துக்கொள்ள, உன் பேச்சுச் சாமர்த்தியம் எங்களுக்குத் தெரியாதா என்று அவர்கள் மடக்க, எல்லாரும் வந்தாயிற்றா என்று அவள் கேட்க, வேண்டுமானால் எண்ணிப் பார்த்துக்கொள் என்பதாகச் சொல்லாட்டம் நீள்கிறது. ஒரு பிள்ளையைக் கதவுக்கு உள்ளேயும் மற்றவர்களை வெளியேயும் நிறுத்தி இதை நடித்துப் பார்க்கச் செய்தால், அந்தப் பாசுரம் ஆயுளுக்கும் மறக்காது. சைவ வீடுகளில் இதே ஆட்டத்துக்குத் திருவெம்பாவையின் முதற்பகுதி பொருந்தும், அங்கும் தோழியர் ஒருவரையொருவர் எழுப்பிப் பேசிக்கொள்கிறார்கள். ஒரு மார்கழிக்கு இரண்டு பாசுரம் போதும்.

கேள்வி: மார்கழி விடியலில் ஓசோன் தரைக்கு அருகில் இறங்குவதால் குழந்தைகள் அதைச் சுவாசிப்பது நல்லது என்று கூறப்படுவது உண்மையா?

பதில்: உண்மை அன்று. உயிர்களைக் காக்கும் ஓசோன் படலம் தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அது மார்கழிக்காக இறங்கி வருவதில்லை. தரை மட்டத்தில் உண்டாகும் ஓசோனோ, வாகனப் புகையின் மீது வெயில் படுவதால் தோன்றுவது, நுரையீரலுக்குக் கெடுதி செய்வது. அதுவும் வெயிலற்ற வைகறையில் குறைந்தே இருக்கும். வைகறை வழிபாட்டின் பெருமை சொல்லப் பரிபாடலும் பாவைப் பாட்டுகளும் இருக்கையில் இல்லாத அறிவியலைத் துணைக்கு அழைக்க வேண்டிய அவசியம் இல்லை. இழுப்பு, சளித் தொல்லை உள்ள குழந்தையைப் பனியில் வெளியே அழைத்துச் செல்லலாகாது.

கேள்வி: வைகுண்ட ஏகாதசியன்று பெரியவர்கள் உபவாசம் இருக்கும்போது குழந்தைகளும் இருக்க அடம் பிடிக்கின்றனர். அனுமதிக்கலாமா?

பதில்: ஏகாதசி என்பது வளர்பிறை, தேய்பிறை இரண்டிலும் வரும் பதினோராம் திதி. அன்று உணவு ஒழித்தலாகிய உபவாசம், எட்டு வயதைக் கடந்து எண்பது நிறையாதவர்களுக்கே விதிக்கப்பட்டது என்று தரும சாத்திரம் வரம்பு கட்டியுள்ளது. வரம்புக்கு உட்பட்டவர்களுக்கும் நீர், கிழங்கு, பழம், பால், மருந்து முதலானவை விரதத்தைக் கெடுப்பதில்லை என்னும் சலுகை உண்டு. ஆகவே ஆறு வயதுக் குழந்தை அடம் பிடித்தால், காலையில் பாலும் வாழைப்பழமும் கொடுத்து, நண்பகலில் வழக்கமான சாப்பாட்டைப் போட்டுவிடலாம். அது தானும் விரதம் இருந்ததாகவே எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளும், மறுக்க வேண்டாம்.

அந்நாளில் குழந்தைகளுக்கென்றே பெரியவர்கள் வைத்த ஒன்று பரமபத சோபானம். சோபானம் என்றால் படிக்கட்டு. ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக ஆடப்படும் இந்த ஆட்டத்தில், தாயக்கட்டையையோ சோழியையோ உருட்டி, நற்செயல்களாகிய ஏணிகளில் ஏறியும் தீச்செயல்களாகிய பாம்புகளால் கடிபட்டு இறங்கியும், உச்சியில் உள்ள வைகுண்டத்தை அடைய வேண்டும். கடையில் வாங்கும் படத்தாளில் ஒவ்வொரு பாம்பும் ஏணியும் எந்தப் புராணக் கதையைக் குறிக்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டே ஆடினால் ஓர் இரவில் பத்துக் கதைகள் நடந்துவிடும். ஒன்பது மணி வரை ஆடிவிட்டுக் குழந்தைகள் படுக்கட்டும். சொர்க்கவாசல் நெரிசலுக்கு அவர்களை அழைத்துச் செல்வதைவிட, கூட்டம் குறைந்த மறுநாள் பெருமாளைச் சேவிக்கச் செய்வதே நன்று. திருவரங்கத்தில் அன்று தொடங்கும் இராப்பத்து உற்சவம் பத்து நாள் நடக்கிறது.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசலும் இல்லை, சாணமும் இல்லை. மார்கழிக் கோலத்தையும் பூசணிப்பூவையும் குழந்தைகளுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது?

பதில்: கதவுக்கு வெளியே இரண்டடி இடம் இருந்தால் அதுவே வாசல். ஈரத்துணியால் துடைத்து, மூன்று வரிசையில் மும்மூன்று புள்ளிகளாக ஒன்பது புள்ளிகளைப் பெரியவர் வைத்துக் கொடுக்க, அவற்றைச் சுற்றிக் குழந்தை இழுக்கட்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் மாவைப் பிடித்து, இழை அறாமல் விடும் பக்குவம் பிஞ்சு விரலுக்கு உடனே வராது. பாதி மாவு ஓரிடத்தில் குவியும், மீதி கைப்பிடியிலேயே இருக்கும். அதைக் கலைத்துவிட்டுப் பெரியவர்கள் திருத்தமாகப் போட்டுக் காட்டுவது கூடாது. கோணலோ நேரோ, அன்றைய கோலம் அதுதான். கல் பொடியைவிடப் பச்சரிசி மாவே உத்தமம், எறும்புகள் வந்து தின்பதைக் குழந்தை உட்கார்ந்து பார்க்கும். ஒட்டுத்தாள் கோலம் வாசலுக்கு அழகு தரலாம், நோன்பின் கணக்கில் அது சேராது.

சாணத்துக்குப் பதிலாக மஞ்சளையோ களிமண்ணையோ பிடித்து, அதன்மேல் பூசணிப்பூவோ பரங்கிப்பூவோ செருகலாம், பூவும் கிடைக்காவிட்டால் செம்பருத்தி போதும். திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களில் இந்தப் பூ வீணாவதில்லை. வாசலில் வைத்த பூவைச் சாணத்தோடு தட்டி வறட்டியாக உலர்த்தி மாதம் முழுவதும் சேர்த்து வைக்கும் சிறுமியர், தை பிறந்தபின் களிமண்ணால் சின்னஞ்சிறு வீடு கட்டி, அதன் முன்னால் சிறிய பானையில் பொங்கலிட்டுப் படைத்து, வறட்டிகளை ஆற்றில் விடுகின்றனர். சிறுவீட்டுப் பொங்கல் என்று பெயர் பெற்ற இவ்விழாவில் எல்லாம் பிள்ளைகளின் பொறுப்பு, பெரியவர்கள் உதவிக்கு மட்டுமே. சிறுமியர் மணலில் கட்டும் விளையாட்டு வீட்டைப் பழைய இலக்கியம் சிற்றில் என்னும். கண்ணனிடம் அதைச் சிதைக்க வேண்டாமென்று முறையிடுவதற்காகவே ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகத்தை ஒதுக்கியிருக்கிறார். சென்னையில் பால்கனித் தொட்டி மண்ணில் ஒரு சாண் உயரத்துக்கு வீடு கட்டி இதைச் செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

கேள்வி: எதிர்வீட்டில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் போல் தங்கள் வீட்டிலும் வேண்டும் என்று குழந்தைகள் கேட்கின்றனர். இந்து வீட்டில் மாட்டலாமா?

பதில்: மாட்டுவதால் எந்தத் தோஷமும் இல்லை. ஆயினும் அது எதற்காகத் தொங்குகிறது என்பதைக் குழந்தைக்குச் சொல்ல வேண்டும். இயேசு பிறந்த இடத்துக்குக் கிழக்கத்திய ஞானிகளை வழிநடத்திய விண்மீனின் நினைவாகவே கிறிஸ்தவர்கள் அதை ஏற்றுகின்றனர். அவர்கள் அமைக்கும் மாட்டுத் தொழுவக் குடிலும், 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிசு அந்தப் பிறப்புக் காட்சியை அமைத்துக் காட்டியதிலிருந்து பரவிய வழக்கம். எதிர்வீட்டுக்கே சென்று குடிலைப் பார்த்து, அந்த வீட்டு ஆச்சியிடம் கதையைக் கேட்டு, அவர்கள் கொடுக்கும் முறுக்கையும் அதிரசத்தையும் வாங்கிக்கொண்டு, பொங்கலன்று பதிலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுப்பது, அர்த்தம் தெரியாமல் ஒரு காகித நட்சத்திரம் வாங்கி மாட்டுவதைவிடப் பலமடங்கு மேல்.

கேள்வி: கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் மாதம் முழுவதும் எதுவும் செய்ய இயலாது. ஓரிரு நாள் மட்டும் என்றால் எதைத் தேர்வது?

பதில்: திருவாதிரையையும் கூடாரவல்லியையும் தேர்வது நலம். இரண்டிலும் கதையும் உண்டு, இனிப்பும் உண்டு. விறகு விற்றுப் பிழைத்த சேந்தனார் ஒரு மழை நாளில் வேறு வழியின்றிக் களி கிண்டி அடியாருக்கு இட, மறுநாள் தில்லைக் கருவறையில் அதே களி சிதறிக் கிடந்தது என்பது திருவாதிரைக் களியின் வரலாறு. வறுத்து உடைத்த அரிசி, பாசிப்பருப்பு, வெல்லப்பாகு, தேங்காய், நெய் ஆகியவற்றால் ஆகும் களியில், வெல்லம் தட்டவும் தேங்காய்ப்பூ தூவவும் குழந்தைகளை விடலாம்.

மார்கழி 27ஆம் நாளாகிய கூடாரவல்லி, முதலில் நெய்யும் பாலும் உண்ணோம் என்று விலக்கிய பாவை நோன்பினர், முழங்கை வரை நெய் வழியும் பாற்சோற்றைக் கூடியிருந்து உண்ணும் நாள். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா அக்காரவடிசிலும் நூறு தடா வெண்ணெயும் படைப்பதாக ஆண்டாள் பாடி வைத்த நேர்த்தியை, பிற்காலத்தில் இராமாநுசர் நிறைவேற்றிவிட்டுத் திருவில்லிபுத்தூர் வர, ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்தாள் என்பது வைணவ மரபு. தம்பி தங்கை உள்ள வீட்டில் மூத்த பிள்ளையிடம் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை வேறில்லை. திருவாதிரை ஆண்டுக்கு ஆண்டு மாறுமாதலால் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடாரவல்லி பெரும்பாலும் ஜனவரி 11ஐ ஒட்டி, பள்ளி திறந்தபின் வருவது. காலையில் இயலாதவர்கள் மாலை விளக்கேற்றியபின் அக்காரவடிசிலை நிவேதனம் செய்து குழந்தைகளுக்குக் கொடுக்கலாம்.