மீதி 29

என் முனைவர் பட்ட ஆய்வைத் தாத்தாவுக்குப் புரியவைக்கத் தொட்டித் தண்ணீர்தான் கைகொடுத்தது. எங்கள் ஆய்வகத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு தொட்டிகள், இரண்டு பம்புகள். கீழ்த்தொட்டியில் தண்ணீர் 15 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். இரண்டு விநாடிக்கு ஒருமுறை கணினி மட்டத்தை அளக்கும். பம்பை இப்படி ஓட்டினால் என்ன ஆகும், அப்படி ஓட்டினால் என்ன ஆகும் என்று அடுத்த 30 படிகளுக்குக் கணக்குப் போடும். ஆனால் செய்வது முதல் படியை மட்டும். மீதி 29ஐயும் எறிந்துவிட்டு மறுபடி அளக்கும்.

"தூக்கிப் போடவா இம்புட்டுக் கணக்கு?" என்றார் தாத்தா. ஊரில் கல்யாணத்துக்கு நாள் குறித்துக் கொடுப்பவர்.

1970களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் வளர்ந்த முறை இது. கேட் தேர்வு, நேர்முகம் எல்லாம் தாண்டி, மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையில் சேர்ந்தபோது, வருவதைச் சரியாகச் சொல்லக் கற்கப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். போன மாதம் ஒரு குழாய் பாதி கழன்று பீய்ச்சியடித்தது. குழாய் கழலும் என்பது எங்கள் சமன்பாடுகளில் கிடையாது. நான் துணி தேடி எடுத்து வருவதற்குள் பம்பு தானே வேகம் கூட்டி, இறங்கிய மட்டத்தை 14க்கு ஏற்றியிருந்தது. கணிப்பு பொய்த்தது; பொய்த்ததை அளந்ததால் தொட்டி தப்பியது. 14க்கு மேல் ஏறவில்லை. பம்பின் முழுவேகமே அவ்வளவுதான்.

ஊழா முயற்சியா என்று யாராவது கேட்டால் அந்த 14ஐக் காட்டுவேன். அறத்துப்பாலை ஊழில் முடித்த வள்ளுவர், 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமை பேசுகிறார். பள்ளியில் இது முரணாகப் பட்டது. இப்போது படவில்லை.

லாப்லாஸ் 1814இல், எல்லாத் துகள்களின் நிலையும் அவற்றின்மேல் செயல்படும் விசைகளும் அறிந்த ஓர் அறிவுக்கு எதிர்காலமும் கண்ணெதிரே நிற்கும் என்று எழுதினார். அந்த அறிவின் கையில் பம்பு ஏதும் இல்லை என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை.

ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. 15 என்ற இலக்கைக் கொடுத்தது நான். ஏன் 15 என்று கணினி கேட்டதில்லை. என் இலக்குகளை எனக்கு யார் கொடுத்தது?

தாத்தாவிடம் கேட்டேன். அவர் காதில் வாங்காமல், வந்திருந்த பெண் வீட்டாருக்கு ஐப்பசி முகூர்த்தம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். வாசல் வரை போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்.

"பந்தலுக்குத் தார்ப்பாய் சொல்லி வச்சிருங்கப்பா."